நெல் காயாத இடம்

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஆலங்கால் என்று ஓர் ஊர். அங்கே காலியாகக் கிடக்கும் சமதளம் எதுவானாலும் அறுவடைக் காலத்தில் அது ஊருக்குச் சொந்தம். இதற்குப் பட்டாவும் கிடையாது, தாசில்தார் கையெழுத்தும் கிடையாது. வெயில் அடிக்கிறதா, தரை தட்டையாக இருக்கிறதா, இந்த இரண்டு கேள்விதான். தார்ச்சாலையில் பாதி, கோயில் வாசல், நூலகத்து முற்றம் எல்லாவற்றிலும் நெல் காயும். ஒரு வருஷம் பையன்கள் சேர்ந்து பூப்பந்து ஆடத் தளம் போட்டு வெள்ளைக் கோடு இழுத்தார்கள். அந்தத் தை மாதம் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் நெல், அந்தப் பக்கம் இன்னொருவர் நெல். எல்லை பிரித்துக் கொடுத்ததற்காக இருவருமே பையன்களைப் பாராட்டினார்கள்.

மங்களாம்பிகைக்கு இதெல்லாம் தெரியாதா? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்து, அவனைச் சிங்கப்பூர் அனுப்பியும் ஆயிற்று. தெரியும். தெரிந்தும் ஏமாந்தாள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் பிறந்தது வேதாரண்யத்துப் பக்கம். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. உப்பளமும் வயலைப் போலத் தட்டைதான், ஆனால் வாரிக் குவித்த உப்பு ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளை வெளேரென்று நிற்கும். அதில் ஏறிச் சறுக்கி, முழங்கை எரிய எரிய வீட்டுக்கு வந்து உதை வாங்கிய பெண் அவள். ஆலங்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரை வயல். உயரம் என்று சொல்ல அங்கே இருந்தது வரப்பு ஒன்றுதான்.

ஒரத்தநாட்டில் ஒரு நர்சரிப் பள்ளியில் வெகுகாலம் டீச்சராக இருந்தாள். மகன் சதீஷ் விமானம் ஏறிய பிறகு வீடு வெறிச்சோடியது. பக்கத்து வீட்டு விஜயலட்சுமி தஞ்சாவூரில் துணிக்கடைக்கு வேலைக்குப் போகும்போது, கைக்குழந்தையாக இருந்த அம்ருதாவை யாரிடம் விடுவது என்று தினமும் வாசலில் நின்று தவிப்பாள். “இங்க விட்டுட்டுப் போ” என்றாள் மங்களாம்பிகை. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. நடவுக்குப் போகிற பெண்கள், நர்ஸ் வேலைக்குப் போகிறவள் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மாடுகளை விற்ற பிறகு சும்மா கிடந்த கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, ‘தளிர்’ என்று பலகை மாட்டி, முறையாக அங்கீகாரமும் வாங்கினாள். நிலம், வீடு, பம்புசெட் எல்லாம் நடராசன் பேரில் இருந்தன. மங்களாம்பிகை தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் காப்பகம் ஒன்றுதான் இருந்தது. அதை அவள் உயிராக நினைத்தாள்.

நடராசன் அவள் கணவர். நல்ல மனிதர், நல்ல விவசாயி. இரண்டையும் ஒன்றாகச் சொல்வதில்தான் கொஞ்சம் சிக்கல்.

“கொட்டகைக்குப் பக்கத்து மனை சும்மாதானே கிடக்கு மங்களம்? சேறு, பாம்பு, நெருஞ்சி எதுவும் இல்லாம, பிள்ளைங்க விளையாட நானே ஒரு இடம் போட்டுத் தர்றேன்” என்றார் ஒரு கோடையில்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்காமல் அவர் எதையும் செய்து பழக்கமில்லை.

வேலையாட்களோடு அவரே குனிந்து நின்று தளம் போட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார், அது போதாதென்று கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். சிமெண்டை வழவழவென்று இழைக்கச் சொன்னார். மழைத் தண்ணீர் நிற்காதபடி கிழக்கு மூலையைப் பார்த்து ஒரு நூல் சரிவு விட்டார். சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு ஒரு கட்டு. “பந்து வெளியே ஓடாதுல்ல?” என்றார். மேலே மரக்கிளை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று வேம்பைக்கூடக் கழித்துவிட்டார். “காக்கா எச்சம் விழும்.”

பிள்ளைகள் முதல் நாள் அதில் இறங்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்கள். பிறகு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடினார்கள். பிறகு என்ன செய்வதென்று மங்களாம்பிகையின் முகத்தைப் பார்த்தார்கள். பந்து கொடுத்தாள். ஒரு நூல் சரிவு தன் வேலையைக் காட்டியது. பந்துகள் எல்லாம் கிழக்கு மூலையில் போய்ச் சேர்ந்தன, பிள்ளைகளும் அங்கேயே போய் நின்றார்கள். விஜயலட்சுமியின் மகள் அம்ருதா வழவழத் தரையில் வழுக்கி விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டாள். அதிலிருந்து அந்தக் குழந்தை ஓடுவதையே விட்டுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. பத்து மணிக்குமேல் தரை தோசைக்கல்லாகக் காய்ந்ததால் எல்லோரும் உள்ளேதான்.

மங்களாம்பிகைக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் முதுகு வலிக்க வலிக்க அவர் போட்ட தளம். குறை சொல்ல மனம் வரவில்லை.

தை பிறந்தது. அறுவடை மெஷின்கள் வயலில் இறங்கின. மறுநாளே வானம் கறுத்துக்கொண்டது. காலையில் நடராசனின் பங்காளி கண்ணுசாமி டிராக்டரோடு வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, ஒரே ஒரு வெயிலுக்கு மட்டும். ஈரத்தோட கிடந்தா முளைச்சிடும் அண்ணி.”

ஈர நெல்லோடு வந்து நிற்பவனிடம் இடமில்லை என்று சொல்ல ஆலங்காலில் யாருக்கும் நாக்கு எழாது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவனை விரட்டுவதற்கு அது சமம். மங்களாம்பிகையும் நெல் போடுகிற வீட்டுக்காரிதானே.

“சரி, ஓரமாப் போட்டுக்குங்க” என்றாள்.

ஓரம் என்றால் என்னவென்று நெல்லுக்குத் தெரியாது. மத்தியானத்துக்குள் அது நடுவுக்கு வந்தது. மறுநாள் ஊரே வந்தது. நடராசன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கல்யாண மண்டபத்துச் சொந்தக்காரர் மாதிரி நடுவில் நின்று, நீ இங்கே போடு, நீ அங்கே போடு என்று இடம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தியா மங்களம்! ஊர்ல இவ்வளவு களம் இருக்கு, எல்லாரும் நம்ம தளத்தைத்தான் தேடி வர்றாங்க. ஒரு மணி நெல்லு வெளியே ஓடல. எப்படிப் போட்டிருக்கேன் பாரு!”

அவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மட்டம், வழவழப்பு, சரிவு, கட்டு, கழித்த வேம்பு. மனிதர் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் தொடங்கியிருக்கிறார். ஆனால் அவர் கைக்குத் தெரிந்தது களம் போடுவது ஒன்றுதான். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு பாட்டம் சண்டையாவது போட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது?

பிள்ளைகள் கொட்டகைக் கதவில் ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தார்கள். சாயங்காலம் நெல்லைக் கூட்டி அம்பாரமாகக் குவித்ததும் அவர்களைப் பிடித்து வைக்க முடியவில்லை. குவியலைக் கண்டால் ஏறத்தானே தோன்றும்! நாலு பேர் ஏறிவிடுவார்கள்.

“ஏய், ஏறாதே! எறங்கு!” என்று நடராசன் போடும் சத்தம் வாய்க்கால் அந்தக் கரைக்குக் கேட்கும். வீட்டுக்குப் போன பிள்ளைகள் நெல் சுணை பட்டு ராத்திரி முழுக்கச் சொறிந்தார்கள். காலையில் அம்மாக்கள் வந்து மங்களாம்பிகையிடம் சொறிந்தார்கள்.

வேறு வழியில்லாமல் அவள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். காயப்போட்ட நெல்லை அவ்வப்போது காலால் துழாவிப் புரட்டிவிட வேண்டும் என்பது வாசகர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கச் சொல்லி, “ரயில் கிளம்பியாச்சு!” என்றாள். காலை இழுத்து இழுத்து ரயில் நெல்லுக்குள் கூவிக்கொண்டு போனது. பின்னால் கோடு கோடாகத் தடம் விழுந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். நெல்லுக்காரர்களுக்கு அதைவிட.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் காப்பகங்களைப் பார்வையிடும் அதிகாரி ஷைலஜா. சின்ன வயசுதான், ஆனால் பார்வை கறார். வெயிலில் பத்துப் பதினைந்து குழந்தைகள் வரிசையில் நெல் துழாவிக்கொண்டிருப்பதையும், அதைப் பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“என்ன இது? இந்தக் குழந்தைங்கள வேலை வாங்கறீங்களா?”

“ஐயோ மேடம், அது ரயில்…” என்று மங்களாம்பிகை தொடங்கினாள். அதற்குள் கண்ணுசாமி உதவிக்கு வந்துவிட்டான்.

“வேலையெல்லாம் இல்லீங்க மேடம். ஆனா ஒண்ணு சொல்லணும். இதுங்க வந்ததுக்கு அப்புறம் நாங்க துழாவறதுக்குன்னு ஆளே வைக்கிறதில்ல.”

மங்களாம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி அவன் போகும்வரை காத்திருந்து, அவளைத் தனியே கூப்பிட்டார். குரலில் கோபமில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. “டீச்சர், உள்ள எல்லாம் சுத்தமா, அழகா வச்சிருக்கீங்க. ஆனா வெளியில இருக்கிறது களம். இந்த வயசுல குழந்தைங்க ஏறணும், எறங்கணும், தோண்டணும், ஒளியணும், தண்ணியில கை வைக்கணும். அவங்களுக்குன்னு வெளியில ஒரு இடம் இல்லாம அங்கீகாரத்தைப் புதுப்பிக்க என்னால கையெழுத்துப் போட முடியாது. சித்திரையில வர்றேன். இதே மாதிரி இருந்தா மூடச் சொல்ல வேண்டியிருக்கும்.”

அன்று பிள்ளைகள் போன பிறகு மங்களாம்பிகை கொட்டகையில் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழுதாள். அதிகாரி சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் அழுகையைக் கூட்டியது.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது கணவரிடம் பேச்சை எடுத்தாள். அவர் தாராளமாகவே இருந்தார்.

“சறுக்குமரம் வைக்கலாமாங்க?”

“வையேன். இரும்புல செய்யச் சொன்னா அறுவடைக்கு ஓரமா நகர்த்திக்கலாம்.”

“ஊஞ்சல்?”

“அருமை. கம்பி நட்டா தார்ப்பாய் கட்ட வசதி.”

“குட்டியா ஒரு வீடு?”

“சாக்கு அடுக்கலாம்” என்றார் உற்சாகமாக.

எதைக் கொண்டுவந்து வைத்தாலும் தையில் அது ஓரத்துக்குப் போய்விடும், நெல் நடுவுக்கு வந்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. சலிப்பில், பேசாமல் இருக்க முடியாமல் கேட்டாள்: “நடுவுல மண்மேடு ஒண்ணு போட்டா?”

நடராசனுக்குப் புரையேறிவிட்டது. “மேடா? உனக்கு என்ன ஆச்சு? மேட்டுல நெல்லு எப்படி நிக்கும்? சரிஞ்சிடாது?”

மங்களாம்பிகை டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றாள். ஈர நெல்லோடு வருகிறவனுக்கு அவளால் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடமே சொல்லிவிட்டால்?

அடுத்த நாள் டீயோடு அடுத்த கேள்வி போனது.

“என்னங்க, நிழல்ல நெல் காயுமா?”

“நிழல்ல எப்படிக் காயும்? புழுங்கி நாறிப்போயிடும்.”

அதற்கடுத்த நாள்: “கூழாங்கல் கிடந்தா?”

“கல்லு கலந்தா கொள்முதல் நிலையத்துல கையால தொடமாட்டான். அப்படியே திருப்பி அனுப்பிடுவான்.”

“மணல்?” “கூடவே கூடாது.” “புல்தரை?” “புல்லு விதை கலந்துடும்.” “நடுவுல மதகுக் குழாய் மாதிரி ஒண்ணு கிடந்தா?” “நெல்லைக் கூட்டற தள்ளுகட்டையை எப்படி இழுக்கறது?” “பக்கத்துல அடிபம்பு போட்டுச் சின்னதா வாய்க்கால்?” “பைத்தியமா உனக்கு? நெல்லுக்கும் தண்ணிக்கும் வயல்லதான் உறவு, களத்துல பகை.”

ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு விளக்கமாகப் பதில் சொன்னார். அவருக்கு உள்ளூர ஒரே பெருமை. “உப்பளத்துக்காரி, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நெல்லு மேல அக்கறை வந்திருக்கு பாரு. தினமும் கேட்டுத் தெரிஞ்சுக்கறா” என்று கண்ணுசாமியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மாசி மாதம் அவர் தன் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே குவித்து வைத்துவிட்டு முறை வரும்வரை ஆள் காவல் இருக்க வேண்டும். நகர்ந்தால் ஆடு மேயும், தூறல் போட்டால் மூட ஆள் இருக்காது. தார்ப்பாய், டார்ச் லைட், மாற்றுப் பனியன் சகிதமாக டி.வி.எஸ்ஸில் கிளம்பினார். எப்போது முறை வரும் என்பது யாருக்கும் தெரியாத விஷயம்.

அவர் தெருமுனை திரும்பியதும் மங்களாம்பிகை அப்சருக்குப் போன் போட்டாள். அப்சரிடம் சொந்தமாக ஒரு ஜேசிபி இருந்தது, அவன் மகளும் ‘தளிர்’ பிள்ளைதான்.

ஜேசிபியை வாசலில் நிறுத்திவிட்டு அவன் அந்த வழவழத் தளத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அக்கா, மாமாவுக்குத் தெரியுமா?”

“எல்லாம் அவர் சொன்னபடிதான் தம்பி” என்றாள் மங்களாம்பிகை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

இரும்புக் கை முதல் முறை தளத்தில் இறங்கியபோது கன்னத்தைத் தரையில் வைத்து அவர் மட்டம் பார்த்த கோலம் கண்முன் வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால், ‘போதும், நிறுத்து’ என்று சொல்லியிருப்பாள். கொட்டகை ஜன்னலில் அம்ருதாவின் மோவாய்த் தழும்பு தெரிந்தது. சொல்லவில்லை.

உடைத்த சிமெண்ட் துண்டுகளை வெளியே கொட்டவும் மனமில்லை. நடுவில் குவித்து, அதன் மேல் முந்தைய கோடையில் வாய்க்கால் தூர்வாரிக் கரையில் கிடந்த வண்டலைக் கொட்டி, ஒரு மேடு எழுப்பினார்கள். மேட்டின் அடிவயிற்றில் ஒரு பெரிய சிமெண்ட் குழாயைக் குறுக்கே புதைத்தார்கள், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரலாம். வரப்பு அருகம்புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து மேல் ஒட்டினார்கள். விஜயலட்சுமி வீடு கட்டி மிஞ்சிய மணல் ஒரு மூலைக்கு வந்தது. கிழக்கு மூலையில் அடிபம்பு, அதிலிருந்து வளைந்து வளைந்து போகும் கூழாங்கல் வாய்க்கால். சுற்றிலும் பூவரசங்கிளைகளை வெட்டிப் போத்தாக நட்டார்கள். அது வளரும் வரைக்கும் நிழலுக்குப் பட்டுக்கோட்டைத் தென்னங்கீற்றில் ஒரு பந்தல்.

நடராசன் திரும்பி வந்தது ஒரு மத்தியான வேளை. நாலு நாள் தாடி, தலையெல்லாம் நெல் தூசி. வண்டியை நிறுத்திவிட்டு எதிரே பார்த்தார். பிறகு தன் வீட்டுக் கதவைப் பார்த்தார், அது அவர் வீட்டுக் கதவுதான். தன் மனையில் இப்படி ஒரு மலை நிற்கும் என்று அவர் கனவிலும் கண்டதில்லை.

“இங்க ஒரு தளம் இருந்துச்சே?” என்றார் மெல்ல.

“இருக்குங்க” என்றாள் மங்களாம்பிகை. “உள்ள இருக்கு.”

அவர் முகம் சிவந்தது, கறுத்தது. “என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

“கேட்டேனேங்க. மேடு போடலாமான்னு கேட்டேன். நிழல், கல்லு, மணல், புல்லு, குழாய், தண்ணி… ஒவ்வொண்ணா உங்களைத்தானே கேட்டேன்.”

நடராசனுக்கு டீயும் கேள்வியுமாகப் போன காலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. குளித்துவிட்டு வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: “மனை என் பேர்ல இருக்கு. ஆடிக்குள்ள இதைச் சமன் பண்ணிடுவேன்.” அதன்பின் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னால் செய்வார். மங்களாம்பிகைக்கு அது தெரியும். அதிகாரி வரும்போது நிலத்துக்காரர் சம்மதம் கேட்டால் என்ன சொல்வது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தினமும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் மனிதர். பேச வேண்டியதெல்லாம் அம்ருதா மூலம் வந்தது. “பாப்பா, குழம்புல உப்பு இல்லன்னு டீச்சர்கிட்ட சொல்லு.” அம்ருதா உள்ளே வந்து, “டீச்சர், மாமா கோவமா இருக்காங்க” என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகும்.

அந்தக் குழந்தை மட்டும் மேட்டில் ஏறவில்லை. மற்றவர்கள் குழாய்க்குள் நுழைந்து ஊளையிட்டார்கள், உருண்டார்கள், வாய்க்காலில் பூவரசு இலையை விட்டு அதன் கூடவே ஓடினார்கள். அம்ருதா அடிவாரத்தில் நின்று மோவாயைத் தடவிக்கொண்டு பார்க்கும். ஒரு காலை வைக்கும், எடுத்துவிடும்.

பங்குனியில் ஒரு காலை மங்களாம்பிகை பந்தலில் ஒரு பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அம்ருதா பாதி மேட்டில் இருந்தது. இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தூக்கிக்கொண்டு, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்த நடராசனும் பார்த்துவிட்டார். வாழ்நாளெல்லாம் பழகிய வாய் தானாகக் கத்திவிட்டது.

“ஏய், ஏறாதே! எற…”

அதற்குமேல் வரவில்லை. எதற்காக இறங்கச் சொல்வது? சரிவதற்கு அங்கே நெல் இல்லையே. குழந்தை பயந்து அப்படியே நின்று அவரையே பார்த்தது. உதடு பிதுங்கியது.

நடராசன் எழுந்தார். மனிதர் மேட்டடிக்குப் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி… ஏறு. பயப்படாதே, மாமா கீழதான் நிக்கறேன். ஏறு.”

அம்ருதா ஏறியது. உச்சியில் நின்று இரண்டு கையையும் விரித்து, “மாமா, நான் உங்களைவிட உசரம்!” என்று கத்தியது. ஆலங்காலில் நடராசனை அண்ணாந்து பார்க்க வைத்த முதல் ஆள் அதுதான்.

அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். “அம்பாரத்துல ஏறினேன்னு எங்கப்பா என்னைச் சாட்டைக் கயித்தால அடிச்சாரு. இந்தா, இந்த வயசுதான் இருக்கும். ஏன் ஏறினேன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல.”

மங்களாம்பிகை டீ கொண்டுவந்து வைத்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று அவரே நேரில் சொன்னார். ஆடி மாதத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரையில் ஜீப் வந்தது. ஷைலஜா இறங்கி, இந்த முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுற்றிச் சுற்றி வந்தார். குழாய்க்குள் குனிந்து பார்த்தார், உள்ளேயிருந்து ஒரு குரல், “டிக்கெட்!” என்றது. அடிபம்பை அடித்துப் பார்த்தார், செருப்பு நனைந்தது, கவலைப்படவில்லை.

“டீச்சர், நான் எவ்வளவோ இடம் பார்த்திருக்கேன். எல்லாரும் ஒரே பிளாஸ்டிக் சறுக்குமரத்தை வாங்கி வச்சிடுவாங்க. இது யார் டிசைன் பண்ணினது?”

பெஞ்சிலிருந்து நடராசன் தலையைத் திருப்பிக்கொண்டார். மங்களாம்பிகை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரர்தாங்க. ஒவ்வொண்ணும் அவர்கிட்ட கேட்டுத்தான் போட்டது.”

“அப்படியா சார்?” அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். “எப்படி யோசிச்சீங்க இதெல்லாம்?”

நடராசன் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். பயம்தான் இருந்தது, பச்சைக் குழந்தையின் பயம். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மட்டமா இருக்கக் கூடாதுங்க” என்று ஆரம்பித்தார். “மேடு வேணும், இல்லன்னா எல்லாம் ஒரே மூலைக்குப் போயிடும். நிழல் வேணும். மண்ணு, கல்லு, புல்லு எல்லாம் கலந்து கிடக்கணும். தண்ணி ஓடணும். நடுவுல குறுக்க ஏதாவது கிடக்கணும். மொத்தத்துல…” அவர் கொஞ்சம் தயங்கினார். “மொத்தத்துல வேற எதுக்கும் லாயக்கில்லாம இருக்கணும்.”

அதிகாரி அதை அப்படியே குறித்துக்கொண்டார். மூடச் சொல்லும் பேச்சு அத்தோடு முடிந்தது. மங்களாம்பிகை இருந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நடராசன் இந்தத் தையில் தன் நெல்லைத் தார்ச்சாலையில் காயப்போட்டு, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். ஆலங்காலில் இரண்டு மூன்று பேர், “அந்த மேட்டைச் சமன் பண்ணினா…” என்று பேச்செடுத்தபோது, “எதைச் சமன் பண்றது? பிள்ளைங்க எங்க போகும்?” என்று எரிந்து விழுந்தார்.

போன மாதம், யோசனை சொல்லிவிட்டு வரும்படி அதிகாரி கேட்டுக்கொண்டதால் அவரும் மங்களாம்பிகையும் மேலவெளி என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே பஞ்சநதம் என்ற பெரிய விவசாயி, ஊர்க் குழந்தைகள் காப்பகத்துக்காக முன்னின்று ஒரு விளையாட்டு இடம் கட்டியிருந்தார். மாலை மரியாதையோடு வரவேற்று அழைத்துப்போய்க் காட்டினார். வழவழவென்று ஒரே தளம், சுற்றிலும் நாலு விரல் கட்டு, தலைக்கு மேலே மொட்டை வானம்.

நடராசன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஒரு காலை இழுத்துத் துழாவிப் பார்த்தார். குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடினார்.

“எப்படிங்க தரை?” என்றார் பஞ்சநதம்.

“பிரமாதம்” என்றார் நடராசன் எழுந்துகொண்டே. “ரெண்டே வெயில்ல நெல்லு காஞ்சிடும்.”

பஞ்சநதத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மங்களாம்பிகை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நடராசன் தரையிலிருந்து தன் செருப்பை எடுத்து, இரண்டையும் தட்டி, மாட்டிக்கொண்டார்.

“மங்களம்” என்றார். “அப்சருக்கு ஒரு போன் போடு.”